டிஸ்க் மாற்ற ஜெர்மனிக்கா? டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை

முதுகில் தேய்ந்துபோன ஜவ்வை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைக்கும் மருத்துவரை ஜெர்மனியில் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. திரும்பி வந்தபின் என்னைப் பார்க்கச் சம்மதிக்கும் மருத்துவரை நியூ ஜெர்சியில், போகும் முன்பே, கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. ஐந்து இடங்களுக்குப் போன் செய்தேன். நான்கு இடங்களில், வேறொருவர் வைத்த டிஸ்க்கை நாங்கள் தொடுவதில்லை என்று வரவேற்பிலேயே முடித்துவிட்டார்கள். ஐந்தாவது மருத்துவர் மட்டும், "எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறேன். ஏதாவது சரியில்லை என்றால் யாரிடம் போகணும் என்று சொல்கிறேன். நானே திறந்து சரிசெய்வேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். அந்த அரைச் சம்மதம் கிடைத்த பிறகுதான் ஜெர்மனிக்குப் பணம் அனுப்பினேன். நீங்களும் இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

எனக்கு வயது 44. சொந்த ஊர் மதுரை, இருப்பது நியூ ஜெர்சியின் எடிசன், எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசா. வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். எது எங்கே உடையும் என்று தேடுவதற்குத்தான் சம்பளம். 2021இல் இடுப்பில் தொடங்கி இடது காலில் இறங்கிய வலி, 2023இல் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத அளவுக்கு வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் ஜவ்வுகளில், எல்4-5, எல்5-எஸ்1 என்று கடைசி இரண்டும் தேய்ந்து கறுத்திருந்தன. பிசியோதெரபி, ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை, மாமியார் கொடுத்தனுப்பிய தைலம், எல்லாம் பார்த்தாகிவிட்டது.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ, பாதம் திடீரென்று தொங்கினாலோ, இதை மூடி வைத்துவிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள். அது வெளிநாட்டுப் பயணம் திட்டமிடும் நேரம் கிடையாது. அப்படி எதுவும் இல்லாமல் வலி மட்டும்தான் என்றால், உங்களுக்கு நேரம் இருக்கிறது. டிஸ்க் மாற்று ஆய்வுகளில்கூட, ஆறு மாதம் ஆப்பரேஷன் இல்லாத சிகிச்சை பார்த்தும் குறையாதவர்களைத்தான் சேர்த்தார்கள்.

எதற்கு ஜெர்மனி என்று எல்லோரும் கேட்டார்கள். இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கான செயற்கை டிஸ்க் உருவானது கிழக்கு பெர்லினில், சாரிட்டே மருத்துவமனையில். உருவாக்கிய இருவர் கர்ட் ஷெல்நாக், கரின் பியூட்னர்-யான்ஸ். இந்த இரண்டாமவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர். முதுகை வில்லாக வளைத்துப் பதக்கம் வாங்கிய பெண் பிறகு முதுகுக்கு டிஸ்க் செய்தார் என்பது, வலியில் தூக்கம் வராத ராத்திரியில் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. 1984இல் அதை முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அதை அனுமதித்தது 2004இல். இடையில் போன இருபது வருட அனுபவம்தான் ஆட்களை அங்கே இழுக்கிறது.

வழக்கமான வழி ஃபியூஷன். இரண்டு எலும்பைத் திருகாணி போட்டு ஒன்றாக இறுக்கிவிடுவார்கள். அந்த இடம் அசையாததால், பக்கத்து ஜவ்வுகள் கூடுதல் பாரம் தாங்க வேண்டும் என்பது கவலை. செயற்கை டிஸ்க்கில் இரண்டு உலோகத் தட்டு, நடுவே பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், அசைவு மிஞ்சும். ஆனால் ஃபியூஷனைக் கெட்டதாகவும் டிஸ்க்கைப் புதுமையாகவும் பிரித்துப் பேசுபவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். எனக்குக் கடைசியில் இரண்டுமே நடந்தது.

இனி இன்சூரன்ஸ். புரோடிஸ்க்-எல் என்ற இடுப்பு டிஸ்க்கை ஓரிடத்தில் வைக்க எஃப்.டி.ஏ. 2006இல் அனுமதித்தது, அடுத்தடுத்த இரண்டு இடங்களில் வைக்க 2020இல்தான். அனுமதி வந்துவிட்டால் இன்சூரன்ஸ் பணம் தரும் என்று அர்த்தமில்லை. 60 வயதைத் தாண்டியவர்களின் இடுப்பு டிஸ்க்குக்குப் பணம் தருவதில்லை என்று முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2007இல் முடிவு செய்தது. என் இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டு இடம் என்றதுமே 'பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை' என்று ஒரு பக்கக் கடிதத்தில் மறுத்தது.

அந்தக் கடிதத்தைப் பார்த்த உடனே ஜெர்மனியைத் தேட ஆரம்பித்தேன். அது தப்பு. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். உங்கள் மருத்துவரை அவர்களுடைய மருத்துவரிடம் நேரடியாகப் பேசச் சொல்லலாம். அதிலும் மறுத்தால், நான்கு மாதத்துக்குள் நிறுவனத்துக்கு வெளியே உள்ள சுதந்திரமான மறுபரிசீலனைக்குப் போகலாம். அந்த முடிவுக்கு நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். நான் இரண்டிலும் தோற்றேன். ஆனாலும் ஒரே ஒரு டிஸ்க் தேவைப்படுபவராக இருந்தால், இந்தப் படிகளை ஏறிப் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள். பல பத்தாயிரம் டாலர் சமாசாரம் இது.

சரி, வெளிநாடுதான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, உங்களுக்கு டிஸ்க் பொருந்துமா என்று பார்ப்பது. எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது. நான் இரண்டு ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.ஐ. அனுப்பினேன். ஒன்றிலிருந்து இரண்டே நாளில், "நீங்கள் மிகப் பொருத்தமான நோயாளி" என்று பதில் வந்தது. கூடவே விலைப்பட்டியல், விமான நிலையத்திலிருந்து கார், கணவருக்கு இலவசக் காலை உணவு. என் எடை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மியூனிக் பக்கத்திலிருந்து பதில் போட்டவர் என்னிடம் வேலை வாங்கினார். நின்றபடி முன்னும் பின்னும் குனிந்து நிமிர்ந்து எக்ஸ்-ரே கேட்டார். முதுகெலும்பின் பின்பக்க மூட்டுகளைப் பார்க்க சி.டி. ஸ்கேன், எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா. அந்த மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் முன்னால் புது டிஸ்க் வைத்தும் வலி நிற்காது. எலும்பு மெலிந்திருந்தால் உலோகத் தட்டு அதற்குள் புதைந்துபோகலாம். டெக்ஸாவில் டி-ஸ்கோர் என்ற அடர்த்தி எண் -1க்குக் கீழே போனால் புரோடிஸ்க்-எல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. நாற்பது தாண்டிய பெண்கள் இந்த டெக்ஸாவை முதலிலேயே எடுத்துவிடுங்கள். மற்ற செலவெல்லாம் செய்த பிறகு அந்த எண்ணைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கக் கூடாது.

அப்புறம் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் எனக்குத் தோன்றியே இருக்காது. சிசேரியன் ஆகியிருக்கிறதா? இரண்டு. இடுப்பு டிஸ்க்கை வயிற்றுப் பக்கமாகத்தான் வைப்பார்கள், குடலை ஒதுக்கி, பெரிய ரத்தக் குழாய்களை நகர்த்திவிட்டு உள்ளே போக வேண்டும். பழைய தழும்பு இருந்தால் அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அடுத்தது, உலோக அலர்ஜி உண்டா? இல்லை என்று எழுதிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது: சின்ன வயதில் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகி நீர் வடியும். பெரும்பாலும் அது நிக்கல் அலர்ஜி. பல டிஸ்க்குகளின் கோபால்ட்-குரோமியம் கலவையில் நிக்கலும் கொஞ்சம் உண்டு. இங்கே தோல் பரிசோதனை செய்தேன். லேசாக இருக்கிறது என்று வந்தது. அதை வைத்துத்தான் எந்த டிஸ்க் என்று முடிவானது. கவரிங் நகை அரிக்குமா என்று எந்தப் படிவமும் கேட்காது, நீங்களாகச் சொல்லுங்கள்.

சி.டி.யைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: எல்5-எஸ்1இல் பின் மூட்டுகள் போய்விட்டன, அங்கே ஃபியூஷன், எல்4-5இல் மட்டும் டிஸ்க். நியூ ஜெர்சியில் நான் பார்த்த இரண்டாவது மருத்துவரும் இதையேதான் சொல்லியிருந்தார். ஒருவரை ஒருவர் தெரியாத, வெவ்வேறு நாட்டில் இருக்கும் இருவர் ஒரே பதிலுக்கு வந்ததுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. குறைந்தது ஒரு கருத்தாவது உங்கள் ஆப்பரேஷனால் ஒரு ரூபாய்கூட வருமானம் வராதவரிடமிருந்து வாங்குங்கள். அமெரிக்க மருத்துவர் என்றால், அவர் கருவி நிறுவனங்களிடம் வாங்கிய பணத்தை ஓப்பன் பேமென்ட்ஸ் என்ற அரசுத் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

அம்மாவின் கேள்வி வேறு. "ஏண்டி, மெட்ராஸ்ல இல்லாத டாக்டரா?" 2023 டிசம்பரில் மதுரைக்குப் போனபோது சென்னையிலும் ஒருவரைப் பார்த்தேன். நல்ல மனிதர். "கழுத்து டிஸ்க் நிறைய வைத்திருக்கிறேன் மா. இடுப்பில் கை விரலில் எண்ணிவிடலாம். உங்களுக்கு ஃபியூஷன் என்றால் நானே செய்வேன், டிஸ்க்தான் வேண்டும் என்றால் தினமும் அதையே செய்கிறவரிடம் போங்கள்" என்றார். ஃபியூஷனோடு நிறுத்தியிருந்தால் கண்டிப்பாக அவரிடமே செய்திருப்பேன், அம்மா கையால் ரசம் சாப்பிட்டுக்கொண்டே தேறியிருக்கலாம். கழுத்து வேறு, இடுப்பு வேறு என்பதையும் அவர்தான் புரியவைத்தார். கழுத்து டிஸ்க் அமெரிக்காவிலேயே பரவலாகிவிட்டது, மோபி-சி என்ற டிஸ்க்குக்கு 2013இலேயே இரண்டு இடத்துக்கு அனுமதி வந்துவிட்டது. கழுத்துக்காக வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

மருத்துவரிடம் வீடியோவில் பேசும்போது வாயால் கேட்டதை மறுநாள் மின்னஞ்சலிலும் கேட்டு எழுத்தில் பதில் வாங்கினேன். என்னுடைய அதே இடத்தில், அதே வகை ஆப்பரேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? வயிற்றைத் திறந்து வழி செய்வது நீங்களா, தனியாக ரத்தக்குழாய் நிபுணரா? உள்ளே போனபின் டிஸ்க் வைக்க முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள், அதற்கு என் சம்மதம் எந்தப் படிவத்தில் இருக்கிறது? மீண்டும் திறக்க வேண்டி வந்தால்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஒரு முறை முன்பக்கமாகப் போய்விட்டால் ரத்தக் குழாய்கள் தழும்போடு ஒட்டிக்கொள்ளும், மறுமுறை அதே வழியில் போவது ஆபத்து, வைத்த டிஸ்க்கை எடுப்பதைவிடப் பின்பக்கமாக ஃபியூஷன் செய்வதுதான் பெரும்பாலும் நடக்கும் என்று சொன்னார். நல்ல பதில். 'எங்களிடம் அப்படி நடந்ததே இல்லை' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆண்கள் எல்5-எஸ்1 என்றால் இன்னொன்றும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: அங்கே நரம்பு பாதித்தால் விந்து வெளியே வராமல் உள்ளே திரும்பும் பிரச்சினை வரலாம், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இது சின்ன விஷயமில்லை.

டிஸ்க்கின் பெயரையும் கேளுங்கள். புதிதாக வந்தது என்பது சிறப்புத் தகுதி ஆகாது. எம்6 என்ற டிஸ்க் சில வருடம் முன்புவரை பலருடைய கனவாக இருந்தது, இயற்கை ஜவ்வு மாதிரியே நெகிழும் என்பார்கள். கழுத்தில் வைத்த சிலருக்கு வருடங்கள் கழித்துச் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் செய்தி வந்தது. 2025இல் அதைத் தயாரித்த நிறுவனமே எம்6 வகையை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. நிறுவனம் கடையை மூடினாலும் டிஸ்க் உங்கள் முதுகிலேயே இருக்கும். அதனால் பத்து வருடத்துக்கு மேல் கண்காணித்த விவரம் உள்ள டிஸ்க்கைத்தான் நான் கேட்டேன்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் காய்ச்சலும் காயத்தில் சீழும் வந்தால் யார் பார்ப்பார்கள், யார் பணம் கட்டுவார்கள்? என் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரே வரியில் எழுதிக் கேட்டேன்: நீங்கள் ஏற்காத ஓர் ஆப்பரேஷனை வெளிநாட்டில் செய்து, அதனால் தொற்று வந்தால், அந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவீர்களா? போனில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். எழுத்தில் பதில் வர ஆறு வாரம்: அவசரச் சிகிச்சைக்கு உண்டு, மறு ஆப்பரேஷனுக்கு முன் அனுமதி வேண்டும். சில திட்டங்களில், ஏற்காத சிகிச்சையால் வரும் சிக்கல்களுக்குப் பணமே கிடையாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உங்கள் திட்டத்தின் முழு ஆவணத்தில் 'விலக்குகள்' பகுதியைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு இதற்கு உதவாது, திட்டமிட்ட சிகிச்சையை அது சேர்த்துக்கொள்வதில்லை.

பணம். எனக்கு வந்த மதிப்பீடு 38,000 யூரோ. ஆப்பரேஷன், டிஸ்க், ஏழு நாள் மருத்துவமனை எல்லாம் சேர்த்து. ஓரிடத்தில் டிஸ்க், இன்னோரிடத்தில் ஃபியூஷன் என்ற இதே ஹைப்ரிட் ஆப்பரேஷனைக் கைக்காசில் செய்ய இங்கே ஒரு மருத்துவமனை சொன்னது 1,40,000 டாலரில் ஆரம்பம், முடிவு தெரியாது. ஜெர்மனித் தொகையில் எது சேரவில்லை என்று கேட்டு வாங்குங்கள்: தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாள், மறுபடி திறக்க நேர்ந்தால் அதன் செலவு, ரத்தம் ஏற்றுவது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பார்கள், அது அங்கே வழக்கம்தான். ஆனால் மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், இடைத்தரகர் கணக்குக்கு வேண்டாம். மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்குப் பணத்தை வெளிநாட்டுச் சிகிச்சைக்கும் பயன்படுத்தலாம். வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டும் மருத்துவச் செலவை வரியில் கழிக்கலாம், பயணச் செலவும் சிகிச்சைக்காகத் தங்கும் அறைக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் வரையும் அதில் சேரும். ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன், ஏப்ரலில் வரிக் கணக்குக் கொடுக்கும்போது உதவியது.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனிச் சோதனை உண்டு. ஜெர்மனிக்குள் போக ஷெங்கன் விசா வேண்டும், அதுவும் மருத்துவக் காரணத்துக்கானது. மருத்துவமனையின் கடிதம், பணம் கட்டியதற்கான சான்று, 30,000 யூரோ காப்பீடு எல்லாம் கேட்பார்கள். கூட வருபவருக்கும் தனி விண்ணப்பம். இதைவிட முக்கியம் திரும்பி வருவது. எச்-1பி ஒப்புதல் தாள் கையில் இருந்தால் போதாது, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை உயிரோடு இருக்க வேண்டும். என்னுடையது காலாவதியாகியிருந்தது. காலாவதியான முத்திரையோடு கனடா, மெக்சிகோ போய்வரும் சலுகை ஜெர்மனிக்குப் பொருந்தாது. வயிற்றில் தையலோடு தெரியாத ஊரில் தூதரக வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதனால்தான் அந்த டிசம்பர் பயணம். சென்னையில் முத்திரை வாங்கியது முதல் காரணம், மருத்துவர் இரண்டாவது, அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

2024 செப்டம்பரில் ஆப்பரேஷன். மாமியார் மதுரையிலிருந்து வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், கணவர் என்னோடு வந்தார். கூட ஒருவர் இல்லாமல் போகவே கூடாது. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள், ரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமான காலுறையும் தினம் வயிற்றில் ஓர் ஊசியும். வலிக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். பெயரைப் படித்தால் நோவால்ஜின்! எங்கள் தெரு மருந்துக்கடையில் தாத்தா வாங்கிவரும் அதே பெயர். வெள்ளையணுக்களைக் குறைக்கும் ஆபத்து இருப்பதால் 1977இலேயே எஃப்.டி.ஏ. அமெரிக்காவில் விலக்கிய மருந்து அது. என்ன மருந்து தருகிறார்கள் என்று ஒவ்வொரு வேளையும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால் உடனே சொல்லுங்கள், மீதியைக் கட்டி எடுத்துவராதீர்கள். சாப்பாடு, ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும் குளிர்ந்த இறைச்சித் துண்டும். நான் சைவம், ஆக ரொட்டியும் சீஸும். கணவர் வாடகை வீட்டில் ரசம் வைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைத்துவிடும், சனிக்கிழமையே தக்காளி வாங்கிவிட வேண்டும் என்பதை ஒரு ஞாயிறு பட்டினி கிடந்துதான் கற்றுக்கொண்டார்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் இன்னும் பத்து நாள் பக்கத்திலேயே தங்கினோம். உடனே விமானம் ஏறத் திட்டமிடாதீர்கள், டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். ஒன்பது மணி நேரப் பயணத்துக்குப் படுக்கை இருக்கை எடுத்தோம், இரண்டு பக்கமும் சக்கர நாற்காலி. ஊசிகளுக்கு மருத்துவர் கடிதம் கைப்பையில். மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்தேன்.

கிளம்பும் முன் இவை கையில் இல்லாமல் வராதீர்கள்: ஆப்பரேஷன் அறிக்கை ஆங்கிலத்தில், ஸ்கேன்கள் உள்ள குறுந்தகடு, டிஸ்க்கின் பெயர், அளவு, தயாரிப்பு எண் எழுதிய உள்வைப்பு அட்டை. ஆப்பரேஷன் அறிக்கை எனக்கு முதலில் ஜெர்மனில்தான் கொடுத்தார்கள். கேட்டு நின்றதால் இரண்டு நாளில் மாற்றினார்கள். அந்த ஐந்தாவது மருத்துவர் ஆறு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்-ரே எடுத்தார். டிஸ்க் அசைகிறது, ஃபியூஷன் பிடித்துவிட்டது. இப்போது இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறது. இடது பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது, அது சரியாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

உள்வைப்பு அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன். போன மாதம் நூவார்க் விமான நிலையத்தில் சோதனை வாயிலில் பீப் என்று கத்தியது. அட்டையை நீட்டினேன். அந்த அதிகாரி அட்டையைப் பார்க்கவே இல்லை, கையைக் காட்டினார். வளையல்.